ஐம்பது ஆட்டத்துக்கு ஒரு நிமிடம்

என் மகளுக்கு நாற்பது நாள் முடிந்த அன்று தொட்டில் கட்டினார்கள். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிகள் வரிசையாக இருக்கும் தெருவில், கீழே மாமனாரின் வத்தல் கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடம் அது. மாடி அறையின் உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி, கொக்கியில் சுருள் கம்பி. கடையில் தொட்டில் ஸ்பிரிங் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குக் கீழே என் மாமியாரின் பழைய நூல் சேலை. சேலையின் இரண்டு தலைப்பையும் சேர்த்து, ஸ்பிரிங்கின் அடி வளையத்தில் கோத்து, தலை பெரிசுக்கு ஒரு முடிச்சு. மாமிதான் முடிச்சுப் போட்டார். பிள்ளை பெற்றவள் தொட்டிலைக் கட்டவும் கூடாது, அவிழ்க்கவும் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை தோறும் மாமியே அவிழ்த்து, சேலையைத் துவைத்துக் காயப்போட்டு, சாயங்காலம் மறுபடி கட்டுவார். ஏன் நான் கட்டக் கூடாது என்று கேட்டேன். "கூடாதுன்னா கூடாதும்மா" என்றார். எதற்கும் காரணம் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பதில் நாலு நாள் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

பிள்ளையைப் படுக்கப் போட்டு மாமி மெல்ல இழுத்துவிட்டார். தொட்டில் இறங்கியது, ஒரு கணம் நின்றது, ஏறியது, மறுபடி நின்று இறங்கியது. எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். நான் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடம் இயற்பியல் படித்தவளுக்குத் தொட்டிலும் தொட்டிலாக மட்டும் தெரிவதில்லை. சுருள்வில்லில் தொங்கும் நிறை, தனிச்சீரிசை இயக்கம். கல்லூரியில் கடைசிச் செய்முறைத் தேர்வில் எனக்கு விழுந்த சோதனை அதுதான். அதற்கடுத்த மாதம் கல்யாணம் ஆனது. அந்த வீட்டில் என் படிப்பைப் பற்றி அதன்பின் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

2003-ஆம் வருடம் அது. என் தாய் நான் கல்லூரியில் சேர்ந்த வருடமே இறந்துபோனார். என்னைப் பெற்ற அத்தா காரியாபட்டியில் தனியாக ஒரு சின்னக் கடை வைத்துக்கொண்டு, கடையிலேயே சோறு பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே போய்ப் பிள்ளை பெற முடியாது. அதனால் புகுந்த வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெற்றுக்கொண்டேன். என் கணவர் சிவகாசிக் கம்பெனிகளுக்கு வெடி ஆர்டரும் காலண்டர் ஆர்டரும் பிடிக்கிறவர். சீசன் தொடங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போய்விடுவார். நாக்பூர் என்பார், கட்டாக் என்பார், இரண்டு நாள் கழித்துப் பேசினால் எனக்குத் தெரியாத வேறு ஓர் ஊர்ப் பெயர் சொல்வார். பிள்ளை பிறந்த பதினைந்தாம் நாள் கிளம்பிப் போனார். போகும்போது நேரம் நிறுத்திப் பார்க்கும் வசதியுள்ள தன் கைக்கடிகாரத்தை எனக்குக் கழற்றிக் கொடுத்தார். பிள்ளை எப்போது பால் குடித்தது என்று பார்த்துக்கொள்ளவாம்.

பிள்ளை பிறக்கும்போது இரண்டு கிலோ இருநூறு கிராம். டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். "வாரா வாரம் எடை பாருங்கம்மா. வாரத்துக்கு நூத்தம்பது இருநூறு கிராம் ஏறணும். ஏறலைன்னா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க, தூக்கிட்டு வந்துருங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மாமி கையை உதறினார். "தராசுல வைக்கிறது சரக்கு. பிள்ளையக் கொண்டுபோய் வைக்கிறதா? எம்புட்டுன்னு வாயால சொன்னா அன்னைக்கே கண்ணு பட்டுரும்." நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்குப் போனபோதும் கூடவே வந்தார். நர்ஸ் தராசுப் பக்கம் கையைக் காட்டிய உடனே பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் எங்கள் காலுக்குக் கீழே விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நிறுவை நடந்துகொண்டேயிருந்தது. மூட்டை விழும் சத்தமும், எடையைக் கத்திச் சொல்லும் சத்தமும், வத்தல் நெடியும் படியேறி மாடிக்கு வரும். இரண்டு பெரிய தராசு, ஒரு மேசைத் தராசு இருந்த வீட்டில் என் பிள்ளையின் எடை மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கணவரிடம் போனில் சொன்னால், "அம்மா நாலு பிள்ளை வளர்த்தவுக, அவுக பார்த்துக்குவாக" என்பார். போன் கூடத்தில் இருந்தது. மாமி பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். அதற்கு மேல் நான் என்ன பேச?

தொட்டில் கட்டிய ஆறாம் நாள்தான் எனக்கு அது தோன்றியது. தராசு வேண்டாமே. இந்த ஸ்பிரிங்கே தராசுதான்.

சுருள்வில்லில் ஒரு நிறையைத் தொங்கவிட்டு இழுத்துவிட்டால், அது ஒரு தடவை இறங்கி ஏறி வருகிற நேரம் அந்த நிறையைப் பொறுத்தது. கனம் கூடினால் ஆட்டம் மெதுவாகும், குறைந்தால் வேகமாகும். எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ஒரு சாண் இழுத்தாலும் நாலு விரல் இழுத்தாலும் அதே நேரம்தான். ஆடி ஆடி ஆட்டம் சின்னதாகிக்கொண்டே போகும்போதும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதே நேரம்தான். படிக்கிற காலத்தில் இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பெரிய மயக்கம் இருந்தது. எதை இழந்தாலும் நேரத்தை மட்டும் விடாத அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

சனிக்கிழமை மதியம் மாமி இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போவார். ஒன்றரை மணி நேரம் வீடு என்னுடையது. முதல் சனிக்கிழமை பிள்ளையைப் பாயில் படுக்க வைத்துவிட்டு, அடுக்களையிலிருந்து துவரம் பருப்புப் பாக்கெட்டுகளை எடுத்து வந்து தொட்டிலில் போட்டு ஆட்டினேன். முதலில் வெறும் தொட்டில், பிறகு இரண்டு கிலோ பருப்பு, இரண்டரை, மூன்று, மூன்றரை, நாலு. ஒவ்வொன்றுக்கும் ஐம்பது ஆட்டம் எண்ணி, கடிகாரத்தில் நேரம் பார்த்து, பழைய செய்முறை நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதி, வரைபடமாக ஒரு கோடும் போட்டேன். அந்த நேரம் யாராவது படியேறி வந்திருந்தால், பருப்பைத் தாலாட்டும் மருமகளைப் பார்த்து மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள்.

பிறகு பிள்ளையைப் போட்டேன். நேர் கீழாக இழுத்து விட வேண்டும், பக்கவாட்டில் போனால் கணக்குக் கெட்டுவிடும். பிள்ளை அசந்து தூங்க வேண்டும். கீழே மூட்டை பிரித்தால் நெடியில் தும்மும், தும்மினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். மூன்று தடவை எண்ணிச் சராசரி எடுத்தேன். ஐம்பது ஆட்டத்துக்கு ஐம்பத்தொன்பதரை வினாடி. நோட்டில் போட்ட கோட்டோடு ஒப்பிட்டால் இரண்டு கிலோ தொள்ளாயிரம். ஒன்றரை மாதத்தில் எழுநூறு கிராம் ஏறியிருக்கிறாள். பிறந்த பிள்ளை முதல் இரண்டு வாரம் ஏறாது என்று கழித்தால் டாக்டர் கணக்குச் சரி. கண்ணில் நீர் வந்துவிட்டது. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. பருப்புப் பாக்கெட்டுகளை அடுக்களையில் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் அடுக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அறுபத்தொரு வினாடி சொச்சம். இருநூறு கிராம் கூடியிருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை அறுபத்து மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு, இன்னும் ஓர் இருநூறு. அதற்கடுத்து அறுபத்து நாலு. இந்த வாரம் நூற்றைம்பதுதான், பரவாயில்லை என்று ஓரத்தில் எழுதினேன். டாக்டர் சொன்ன கணக்குக்குள்தானே இருக்கிறது.

அன்று கணவர் போன் செய்தபோது மாமி தொழுதுகொண்டிருந்தார். ரகசியக் குரலில் மூன்று வாரத்து எண்களையும் சொன்னேன். அவர் சந்தோஷத்தில் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். "எப்படிப் பார்த்த?" என்று கேட்டார். "அது ஒரு கணக்கு" என்றேன். விளக்கத் தொடங்கினேன். "சரி சரி, பில்லு ஏறுது, வச்சிர்றேன்" என்றார்.

அந்த நாட்களில் நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் முழுதாகத் தெரிகிறது. வாரத்தில் ஆறு நாளும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகக் காத்திருந்தேன். மாமியும் நானும் ஒரே அறையில் இருப்போம். "பால் குடுத்தியா", "குடுத்தேன் மாமி", "வெந்நி போடவா", "போடுங்க". அவ்வளவுதான் பேச்சு. அவர் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். குறை கண்டுபிடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். நான் நோட்டை நெஞ்சுக்குள் வைத்திருக்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் கைக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையைத் தூக்கும்போது, கூடியிருக்க வேண்டிய கனம் கையில் இல்லை. நாற்பதாம் நாள் போட்ட சட்டை அப்படியே தொளதொளவென்று இருந்தது. பால் குடிக்கும்போது பாதியில் சோர்ந்து விட்டுவிடுவாள். சந்தேகம் வரும்போதெல்லாம் நோட்டைப் பிரித்துப் பார்ப்பேன். வாரா வார எடையைக் குறித்து வந்த கோடு ஏறிக்கொண்டிருக்கும். கைக்கு என்ன தெரியும், எண் பொய் சொல்லுமா என்று என்னை நானே அடக்கிக்கொள்வேன்.

ஐந்தாவது சனிக்கிழமை. மாமி கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு எண்ணத் தொடங்கினேன். அறுபத்தேழரை வினாடி. மறுபடி எண்ணினேன், அறுபத்தேழரை. மூன்றாவது தடவையும் அதுவே. நோட்டைப் பார்த்தேன். ஒரே வாரத்தில் அரைக் கிலோ.

அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. எந்தப் பிள்ளையும் ஒரு வாரத்தில் அரைக் கிலோ ஏறாது. பிள்ளையைத் தூக்கிப் பார்த்தேன். அதே கனம், அதே தொளதொளச் சட்டை. பாயில் படுக்க வைத்துவிட்டு வெறும் தொட்டிலை இழுத்துவிட்டேன். வெறும் தொட்டில் எப்படித் துள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். இது துள்ளவில்லை. யாரோ உள்ளே படுத்திருப்பதைப் போலச் சாவகாசமாக ஏறி இறங்கியது.

அண்ணாந்து பார்த்தேன். முடிச்சு.

முக்காலியைப் போட்டு ஏறினேன். பிள்ளை பெற்றவள் அவிழ்க்கக் கூடாத முடிச்சை அவிழ்த்தேன். சேலை மடிப்புக்குள் பச்சைத் துணியில் தைத்த ஒரு பை இருந்தது. கையில் எடுத்தால் கனத்தது. தையலைப் பல்லால் பிரித்துக் கொட்டினேன். இரும்பு எடைக்கற்கள். கடையில் மின்சாரத் தராசு வந்தபின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய செட். ஐநூறு ஒன்று, இருநூறு இரண்டு, நூறு ஒன்று, ஐம்பது ஒன்று. ஒரு கிலோ ஐம்பது கிராம். நாலு வாரத்தில் என் மகள் ஏறியதாக நோட்டில் நான் எழுதியிருந்ததும் ஏறக்குறைய அதுதான்.

மாமி வரும்போது நான் கற்களைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அங்கன எதுக்கு ஏறின? முடிச்ச எதுக்கு அவுத்த?" என்றார் வாசலிலேயே நின்று.

"இது என்ன மாமி?"

"இரும்பு. பிள்ளைக்கிட்ட இரும்பு இருந்தா கண்ணு அண்டாது."

"அதுக்கு ஒரு ஆணி போதாதா? இம்புட்டு எதுக்கு வச்சீக?"

மாமி உள்ளே வந்து, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முதுகைத் தடவினார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். "பிள்ள தேறலையேம்மா. மொதல்ல ஒரு வெள்ளிக்கிழம கல்லு ஒண்ணு வச்சேன். தேறல. கல்லு சின்னதா இருக்கோன்னு அடுத்த வெள்ளிக்கு இன்னொண்ணு வச்சேன். அதுக்கும் தேறல. நூறையும் அம்பதையும் வச்சேன். நேத்து மனசு கேக்காமப் பெரிய கல்லயே வச்சுட்டேன்."

"தேறலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தூக்குறேன்ல. பொழுதன்னைக்கும் இவளத் தூக்கிட்டுத்தான அலையுறேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல மாமி!" கத்திவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல்.

மாமி கோபப்படவில்லை. "தாயில்லாத பிள்ள நீ. பாலு பத்தலைன்னு நான் வாயெடுத்தா, மாமியா குத்திக் காட்டுறான்னு நினைப்ப. ஒத்தையில உக்காந்து அழுவ. அழுதா இருக்கிற பாலும் வத்திரும். அதான் சொல்லல" என்றார்.

நான் எழுந்து நோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் பிரித்தேன். "நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் மாமி. தராசுல வைக்கல. தொட்டில் ஆடுறத எண்ணி எழுதினேன்."

"இதுல என்ன போட்டிருக்கு?"

"பிள்ள ஒரு கிலோ ஏறியிருக்குன்னு போட்டிருக்கு."

மாமி நோட்டையும் பார்த்தார், தரையில் இருந்த கற்களையும் பார்த்தார். படிக்காதவர்தான். ஆனால் வத்தல் மண்டிக்காரர் மனைவிக்கு எடை கூடுவதும் குறைவதும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்படியே பிள்ளையோடு படியிறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கடையில் மாமனார் மட்டும் இருந்தார். "ஏங்க, மேசைத் தராசத் தொடைங்க" என்றார் மாமி.

"எதுக்கு?"

"பிள்ளய வைக்கணும்."

"நீதான கூடாதும்ப?"

"இப்ப நான்தான் சொல்றேன்."

மாமனார் தோளில் கிடந்த துண்டால் தராசுத் தட்டை மூன்று தடவை துடைத்தார். அப்படியும் நெடி போகவில்லை. மேலே ஒரு சுத்தமான துணியை விரித்து, அதன் எடையை முதலில் பார்த்து வைத்துக்கொண்டார். மாமி வாய்க்குள் ஓதிக்கொண்டே பிள்ளையை வைத்தார். அவள் இரண்டு தும்மல் போட்டாள். சிவப்பு எண்கள் ஆடி நின்றன.

"துணியக் கழிச்சு, ரெண்டு தொள்ளாயிரம்" என்றார் மாமனார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் என்ன எடையோ அதே எடை. ஒரு மாதமாக என் மகள் வளரவே இல்லை.

நடந்ததை மாமனாரிடம் நான்தான் சொன்னேன். பருப்பு, ஐம்பது ஆட்டம், முடிச்சு, கல், எல்லாம். அவர் முழுதும் கேட்டுவிட்டு, கேலியில்லாமல், நிஜமாகவே புரியாதவரைப் போல ஒன்று கேட்டார். "சாக்க மொத நாளு நிறுத்த, சரி. அப்புறம் வாரா வாரம் சாக்கத் தனியா நிறுக்கலையாம்மா? அதே கழிவையா கடைசி வரைக்கும் போட்ட?"

கீழே ஒவ்வொரு லோடுக்கும் வெறும் சாக்கைத் தனியாக நிறுத்து எடையில் கழிப்பார்கள். நேற்றுச் சாக்கு காய்ந்திருக்கும், இன்றைக்கு நனைந்திருக்கும். நேற்றைய கழிவை இன்றைக்குப் போட்டால் அவன் வியாபாரியே இல்லை. தினமும் என் காலடியில் கத்திச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் அது. தனிச்சீரிசை இயக்கம் படித்தவளுக்கு அது காதில் விழவில்லை. வெறும் தொட்டிலை வாரம் ஒரு தடவை ஆட்டிப் பார்த்திருந்தால் இரண்டாவது சனிக்கிழமையே பிடிபட்டிருக்கும். அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்கு வலிக்கும்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். மாமி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது டாக்டர் அறையில்தான் தெரிந்தது. சோதனை செய்து பார்த்ததில் பிள்ளையின் சிறுநீரில் கிருமி. காய்ச்சல்கூடக் காட்டாமல் உள்ளேயே இருந்து, குடித்த பால் உடம்பில் ஒட்டாமல் செய்திருக்கிறது. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கிட்னியைத் தொட்டிருக்கும். வாரா வாரம் எடை பார்க்கச் சொன்னேனே, பார்க்கலையா?" என்று கேட்டார். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். பார்த்தோம் என்றும் சொல்ல முடியாது, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

கணவர் போனில் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அப்ப நீ சொன்ன நம்பரெல்லாம் பொய்யா?" என்றார். ஆர்டர் புத்தகத்தின் பின்னட்டையில் அந்த எண்களை எழுதி வைத்திருந்தாராம். லாட்ஜில் படுக்கப் போகும்போது எடுத்துப் பார்ப்பாராம். "இனிமே சரியாச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாள் மருந்து. அந்தப் பத்து நாளில் ஒரு மதியம், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தபோது, நோட்டை எடுத்து மாமியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். எந்த வெள்ளிக்கிழமை எந்தக் கல் என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வாரத்து எடையிலிருந்தும் கழித்தேன். முதல் வாரம் இருநூறு. அடுத்த வாரம் நானூறு. அதற்கடுத்து ஐந்நூற்றைம்பது. கடைசியில் ஆயிரத்து ஐம்பது. கழிக்கக் கழிக்க, ஏறிக்கொண்டிருந்த என் கோடு படுத்துத் தரையோடு தரையானது. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஏற்றத்தில் ஒரு கிராம்கூட என் மகளுடையதாக இல்லை. அத்தனையும் மாமியின் பயம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது எவ்வளவு கூடியது என்று கிராம் சுத்தமாக நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியது இன்னதென்று மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஒரே அறையில், ஒரே பிள்ளைக்காக, ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேர் பயந்துகொண்டிருந்தோம். என்னைக் கவனிக்க ஆளில்லை என்று நான் வருந்திக்கொண்டிருந்த வாரங்களில் மாமிக்கும் சொல்லிக்கொள்ள ஆளில்லை. அவர் கல்லிடம் சொன்னார், நான் நோட்டிடம் சொன்னேன்.

மருந்து முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை மாமி தங்கை வீட்டுக்குப் போகவில்லை. சோறு உண்டு கை கழுவிவிட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். "ம், எண்ணு" என்றார். கையில், ஓதும்போது எண்ணுவதற்கு முப்பத்து மூன்று மணி கோத்த தஸ்பீஹ் மாலை இருந்தது.

"ஐம்பது எண்ணணும் மாமி."

"எனக்கு முப்பத்து மூணுதான் வரும். அதுக்கு மேல எண்ணுனா தடுமாறிரும்."

அன்று ஐம்பதை விட்டுவிட்டு முப்பத்து மூன்றுக்கு மாறினேன். மாறினால் ஒன்றும் கெட்டுவிடாது, பழைய நேரங்களை அதற்குத் தகுந்தபடி வகுத்துக்கொண்டால் போதும். முதலில் பிள்ளையை என் மடியில் வைத்துக்கொண்டு, வெறும் தொட்டிலை ஆட்டிப் பார்த்தோம். சேலை மட்டுமே இருக்கும்போது வர வேண்டிய துள்ளல் சரியாக இருந்தது. பிறகு பிள்ளையைப் போட்டேன். நேர் கீழாக இழுத்துவிட்டேன். தொட்டில் இறங்கித் தாழ வரும்போதெல்லாம் மாமியின் விரலில் ஒரு மணி நகர்ந்தது. நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே யாரோ எடையைக் கத்திச் சொன்னார்கள். பிள்ளை தும்மவில்லை.

முப்பத்து மூன்றாவது மணியில் மாமி "ம்" என்றார். நான் கடிகாரத்தை நிறுத்தினேன். பழைய நேரத்தைவிட முக்கால் வினாடி அதிகம். நோட்டில் பார்த்தால் நூற்றைம்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மறுபடி எண்ணினோம். அதே முக்கால் வினாடி.

"எம்புட்டு?" என்றார் மாமி. வாயால் சொல்லக் கூடாத எண்ணை அவரே கேட்டார்.

சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து முடிச்சைப் பார்த்தோம். சேலையைத் தவிர அதில் எதுவும் இல்லை. அந்த முக்கால் வினாடி முழுவதும் என் மகளுடையது.